53 லட்சத்துக்கு ஒரு ஹேட்ச்பேக்: மதுரையில் இருந்துகொண்டு வாங்கலாமா?

கருப்பு_போலோ (திருநகர்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று நானே கேட்க வேண்டிய நிலைமை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 2017 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 94,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. கடை தெற்கு மாசி வீதிப் பக்கம், பிளம்பிங் சாமான் வியாபாரம், வீடு திருநகர். தினமும் பழங்காநத்தம் நெரிசலில் ஊர்ந்து போய் ஊர்ந்து வருவதுதான் வாழ்க்கை. மாதம் ஒரு முறை மாமனார் ஊரான போடிக்குப் போவோம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற இருபத்தொன்பது நாளும் இந்த வண்டியை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் இங்கே இருப்பவர்களுக்குப் புரியும்.

அலங்காநல்லூர் பக்கம் இருந்த பூர்வீக நிலத்தை அண்ணன் தம்பி மூன்று பேரும் விற்றுப் பிரித்தோம். பிள்ளைகள் படிப்புக்கு ஒதுக்கியது போக என் பங்கில் 40 லட்சம் கையில் நிற்கிறது. கடை மேல் கடன் இல்லை. வயது 41.

ஆசை அதே கம்பெனியின் கோல்ஃப் ஜிடிஐ மேல். 2025 மே மாதம் இங்கே விற்பனைக்கு வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 53 லட்சத்தை ஒட்டி இருந்தது. முதலில் வந்த 150 வண்டியும் உடனே போய்விட்டது. இரண்டு லிட்டர் டர்போ, 265 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க், நூறைத் தொட 5.9 வினாடி. சென்னை போயிருந்தபோது ஷோரூமில் உட்கார்ந்து மட்டும் பார்த்தேன். அந்தக் கட்டம் போட்ட சீட் துணியில் உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கார் புத்தகத்தில் படம் கிழித்து வைத்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷ ஆசை. சின்னப் பையனின் அவசரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கேள்வி இதுதான். நம் ஊர் ரோட்டில், நம் வெயிலில், ஒரு ஹேட்ச்பேக்குக்கு (பின்னால் டிக்கி தனியாக நீளாத குட்டைக் கார்) அவ்வளவு பணம் தகுமா? இல்லை, பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் ஹூண்டாய் ஐ20 என் லைன் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா? எஸ்யுவி வாங்குங்கள் என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், அந்த யோசனையை உறவினர் எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

---

திருமங்கலம்_கணக்கு

அண்ணே, ஆசையைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது உங்களுடையது. கணக்கை மட்டும் போடுகிறேன்.

நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றினார்கள், 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவீதம். 53 லட்சத்துக்கு அது மட்டும் 10 லட்சத்து 60 ஆயிரம். நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன என் லைன் வண்டியின் விலைக்கு நிகரான பணம் வெறும் ரோடு டாக்ஸாகப் போகிறது, இதை ஒரு தடவை நிறுத்தி யோசித்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். பத்து லட்சத்துக்கு மேல் வாங்கினால் ஷோரூமிலேயே ஒரு சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும் என்றாலும் அன்றைக்கு நம் கையில் இருந்துதான் போக வேண்டும். ஆக, வண்டி ரோட்டுக்கு வரும்போது 66 லட்சம்.

உங்களிடம் 40 இருக்கிறது, மீதி 26 லட்சம் கடன். ஒன்பது சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று போட்டால் மாதம் 54 ஆயிரம் தவணை, வட்டி மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல். கடை மேல் கடன் இல்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த நிம்மதியை வண்டிக்காகக் கொடுக்கப் போகிறீர்கள்.

அப்புறம் தேய்மானம். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டிக்குப் போடும் ஐடிவி மதிப்பில் நாலு முடிந்து ஐந்தாவது வருஷத்தில் பாதியைக் கழித்துவிடுவார்கள். 53 என்பது 26 அரை. கட்டிய ரோடு டாக்ஸ் அதில் ஒரு பைசாகூடக் கிடையாது. குறைந்த எண்ணிக்கையில் வந்த வண்டி, பிரியர் யாராவது கூடுதலாகக் கொடுத்து வாங்கலாம் என்று வாதம் செய்யலாம்தான். ஆனால் அந்தப் பிரியரை மதுரையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

40 லட்சத்தை வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டு வைத்தால்கூட வருஷத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் வரும். என் வாக்கு வேண்டாம் என்பதுதான். உங்கள் மேல் அக்கறையில் சொல்கிறேன்.

---

போடிமெட்டு_17

கணக்குச் சரி. ஆனால் ஓட்டிப் பார்த்தவன் ஒருவனாவது பேச வேண்டும் இல்லையா?

கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் முதல் தொகுதியிலேயே எடுத்தார். போன டிசம்பரில் தேனி வந்தபோது போடியில் இருந்து போடிமெட்டு வரை சாவியை என்னிடம் கொடுத்தார். பதினேழு கொண்டை ஊசி. சின்ன வயதில் இருந்து எம்-80, மாருதி 800, ஸ்விஃப்ட் என்று எல்லாவற்றிலும் ஏறிய மலை அது, எந்த வளைவில் எந்தப் பக்கம் தண்ணீர் கசியும் என்பதுவரை தெரியும்.

முன்சக்கரத்தில் பலம் போகும் வண்டியை வளைவில் திருப்பிக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? உள்பக்கச் சக்கரத்தில் பாரம் குறைந்து அது வீணாகச் சுற்றும், வண்டி மூக்கை வெளியே தள்ளும், நாம் காலை எடுப்போம். நம் போலோ, ஸ்விஃப்ட், ஐ20 எல்லாம் இப்படித்தான். ஜிடிஐயில் முன் அச்சில் மின்னணு டிஃபரன்ஷியல் பூட்டு இருக்கிறது, உள்சக்கரம் வழுக்கப் பார்க்கும்போது பலத்தை வெளிச்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். சொல்லும்போது சாதாரணமாகத் தெரியும். ஒன்பதாவது வளைவில் மிதித்தபோது மூக்கு வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே இழுத்துக்கொண்டு போனது பாருங்கள், எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும், அதனால் வளைவின் நடுவில் ரோடு உடைந்திருந்தாலும் பின்பக்கம் துள்ளவில்லை.

இத்தனைக்கும் நான் மணிக்கு 60 தாண்டவில்லை. அந்த ரோட்டில் கேரளா பஸ் எதிரே வரும், ஏலக்காய் ஜீப் வரும், தாண்டவும் கூடாது. ஒரு நல்ல ஹேட்ச்பேக்கின் சுகம் 45, 50 வேகத்தில் கிடைத்துவிடுகிறது. 250 வரை போகும் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கட்டும்.

விலையைப் பற்றி எனக்கு வருத்தம் இருக்கிறது. முழு வண்டியாகக் கப்பலில் வருவதால் சுங்கவரி 70 சதவீதம் என்ற அளவில், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அதற்கும் மேல் நம் ரோடு டாக்ஸ். வரிக்கு மேல் வரி. பொறியாளன் செய்த வேலைக்கு நாம் கொடுப்பது அதில் ஒரு பங்குதான். ஆனாலும் 41 வயதில், கடன் இல்லாத கடை இருக்கிறவர், இருபத்தைந்து வருஷம் ஆசைப்பட்டவர் வாங்கவில்லை என்றால் வேறு யார் வாங்குவது? நான் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே நிபந்தனை, வாங்கிக் கடை வாசலில் நிறுத்துவதற்காக வேண்டாம்.

---

வில்லாபுரம்_பட்டறை

இருபத்திரண்டு வருஷமாக ஜெர்மன் வண்டிகளில் கை வைக்கிறேன். நாலைந்து விஷயம் சொல்ல வேண்டும், வரிசையாக வராது, மனதில் தோன்றுகிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் டயர். ஜிடிஐக்கு 225/40, 18 அங்குலம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் 90 மில்லிமீட்டர் உயரம்தான். என் லைனில் 195/55, 16 அங்குலம், அதில் 107 வருகிறது. அந்தப் பதினேழு மில்லிமீட்டர் என்ன பெரிசு என்று கேட்பீர்கள். வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடை, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், மழையில் தண்ணீர் நிற்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழி, இதிலெல்லாம் அலாய் வளைவதற்கும் வளையாமல் தப்பிப்பதற்கும் இடையில் இருப்பது அந்தப் பதினேழுதான். போன மழைக்காலத்தில் மட்டும் 18 அங்குல ரிம் வளைந்து என்னிடம் வந்தவை ஏழு. நிமிர்த்தலாம், ஆனால் விரிசல் விட்டிருந்தால் தூக்கிப் போடத்தான் வேண்டும், நிமிர்த்தி ஓட்டுவது ஆபத்து.

கியர்பாக்ஸ். தம்பி, உங்கள் போலோவில் இருப்பது உலர் கிளட்ச். பழங்காநத்தத்தில் அரை அடி அரை அடியாக ஊரும்போது கிளட்ச் தேய்ந்து சூடாகும், அந்தச் சூட்டை எடுத்துப்போக எண்ணெய் கிடையாது. 94,000 ஓட்டி இன்னும் உதறவில்லை என்றால் நீங்கள் கவனமாக ஓட்டுகிறவர். முன்வண்டி நன்றாக நகரும்வரை பொறுத்து ஒரே மூச்சில் எடுங்கள், பிரேக்கை அரைகுறையாக விட்டு ஊர்ந்துகொண்டே இருக்காதீர்கள். ஜிடிஐயில் கிளட்ச் எண்ணெயில் முங்கியிருக்கும் வகை, நம் ஊர் நெரிசலை அது இன்னும் நன்றாகத் தாங்கும். அந்த விஷயத்தில் பயம் வேண்டாம், எண்ணெய் மட்டும் காலத்தில் மாற்றியாக வேண்டும்.

வெயில். சித்திரையில் 40 டிகிரி அடிக்கிறது, தார் ரோட்டுக்கு மேல் அதையும் தாண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, டர்போ அதை அழுத்தும்போது இன்னும் சூடாகும், என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இக்னிஷனைப் பின்னால் தள்ளும். மத்தியான வேளையில் புத்தகத்தில் போட்டிருக்கிற பலம் முழுதாக வராது. எந்த டர்போவுக்கும் இது உண்டு. அதிகாலையில் ஓட்டினால் வண்டியே வேறு மாதிரி இருக்கும், கவனித்திருப்பீர்கள்.

உதிரிபாகம். பில்டர், பிளக், பிரேக் பேட் வரை பெரிய தொந்தரவு இல்லை, அந்த இரண்டு லிட்டர் என்ஜினின் குடும்பம் இங்கே ஏற்கெனவே ஓடுகிறது. ஆனால் முன் பம்பர், ஹெட்லைட், கண்ணாடி மாதிரி அந்த வண்டிக்கு மட்டுமான சாமான் உடைந்தால் கடல் கடந்து வரவேண்டும். யாரோ டூவீலர்காரன் வந்து லேசாக உரசினால்கூட.

இன்னொன்று. இந்தக் கேள்வி வந்தாலே யாராவது ஒருவர் போலோவுக்கு ரீமேப் அடியுங்கள், அதாவது என்ஜின் கணினியின் அமைப்பை மாற்றிப் பலத்தைக் கூட்டுங்கள் என்று சொல்வார், அதனால் முந்திக்கொண்டு சொல்கிறேன். வாரண்டி இல்லாத வண்டியாக இருந்தாலும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு தடுக்கிறது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க அதுவே காரணம் ஆகலாம். உலர் கிளட்ச் வேறு அதிக டார்க்கைத் தாங்காது.

உங்கள் வண்டிக்கு உண்மையில் வேண்டியது நாலு ஷாக் அப்சார்பர், கீழ் ஆர்ம் புஷ்கள், என்ஜின் மவுண்ட், பிரேக் ஆயில், நல்ல டயர் ஒரு செட். 94,000இல் இதெல்லாம் செத்திருக்கும், மெதுவாகச் சாவதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடியும். அதைச் செய்துவிட்டு ஒரு தடவை போடிக்குப் போய்வந்து அப்புறம் முடிவெடுங்கள்.

---

விருதுநகர்_சிவப்பு

நான் என் லைன் வைத்திருப்பவள், ஆறு கியர் மேனுவல். இரண்டு வருஷம், 38,000 கிலோமீட்டர். மதுரையில் குடியிருந்து விருதுநகரில் வேலை பார்க்கிறேன், தினமும் நால்வழிச் சாலைதான்.

அண்ணா, இது ஜிடிஐக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர், 120 குதிரைத்திறன், 172 டார்க், நூறைத் தொட ஏறக்குறைய பத்து வினாடி. சாதாரண ஐ20யைவிட சஸ்பென்ஷன் இறுக்கம், ஸ்டியரிங்கில் கனம் உண்டு, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சைலன்சர் சத்தம் கேட்க நன்றாக இருக்கும். என்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுற்றுக்குக் கீழே தூங்கும். வேகத்தில் போகும்போது பின்பக்கம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் மேலும் கீழும் ஆடுவது தெரியும், பின்னால் இருப்பது இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைக்கிற டார்ஷன் பீம்தான்.

ஆனால் தினமும் காலை ஏழு மணிக்குச் சாவியைப் போடும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கப்பலூர் தாண்டி லாரியை முந்த மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தால் வேண்டிய அளவுக்கு எழும்பிப் போகிறது, நால்வழிச் சாலையில் சட்டம் அனுமதிக்கிற வேகம்வரை இந்த வண்டி எதற்கும் குறை வைக்கவில்லை. பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது லிட்டருக்கு 15 கொடுக்கிறது. மாட்டுத்தாவணி மார்க்கெட் பக்கம் எங்கேயாவது நிறுத்திவிட்டுப் போனால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதில்லை, அந்த நிம்மதிக்கு விலை போட முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் அண்ணி கார் ஓட்டுவார்களா? 66 லட்சம் வண்டியை அவர்கள் கையில் சாவி கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்புவீர்களா? எங்கள் வீட்டில் பெரிய கார் ஒன்று இருந்தது, பத்து வருஷம் அதை ஓட்ட என்னை விட்டதே இல்லை, கோடு விழுந்துவிடும் என்று. அதனால் கேட்கிறேன்.

---

கருப்பு_போலோ

@விருதுநகர்_சிவப்பு, தங்கச்சி, நேற்று இரவு உங்கள் கடைசிக் கேள்வியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அவள் போலோவைத்தான் ஓட்டுகிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவள்தான். அந்த வண்டியை ஓட்டுவாயா என்று கேட்டேன். "ஒருதடவை போடி ரோட்டில் ஓட்டுவேன், பள்ளிக்கூடத்துக்கு எடுக்க மாட்டேன்" என்றாள். அப்படியானால் போலோவையும் வைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் செலவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

@வில்லாபுரம்_பட்டறை அண்ணே, ஷாக் அப்சார்பர் பற்றிச் சொன்னது சரிதான் போலிருக்கிறது. முன்னால் பானட்டை அழுத்திவிட்டுப் பார்த்தேன், ஒன்றரைத் தடவை ஆடி நிற்கிறது. இத்தனை நாள் வண்டிக்கு வயதாகிவிட்டது, என்ஜினுக்குப் பலம் போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

@போடிமெட்டு_17, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்துவிட்டேன். ஒன்பதாவது வளைவு எனக்கும் தெரியும்.

---

தெப்பக்குளம்_டீசல்

செடான் பரவாயில்லை என்றால் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் பாருங்கள். அதே என்ஜின், அதே 265 குதிரைத்திறன், 2025 அக்டோபரில் 50 லட்சத்தை ஒட்டி நூறு வண்டி மட்டும் வந்தது. டிக்கி 600 லிட்டர், கோல்ஃபில் 380. அவ்வளவு வேண்டாம் என்றால் வெர்ட்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5 டர்போ, 150 குதிரைத்திறன், விலை மூன்றில் ஒரு பங்கு. ஹேட்ச்பேக்தான் வேண்டும் என்ற பிடிவாதம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

---

போடிமெட்டு_17

@தெப்பக்குளம்_டீசல், பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. வண்டி குட்டையாக இருந்தால் இரண்டு அச்சுக்கும் வெளியே தொங்குகிற எடை குறைவு, திருப்பினால் உடனே திரும்பும், கொண்டை ஊசியில் ஒரே மூச்சில் வளைந்துவிடும். நீளமான வண்டியைச் சில வளைவில் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும். 1976இல் முதல் ஜிடிஐ வந்த கதையே அதுதான். குடும்பத்துக்கான சின்னக் காரில் நல்ல என்ஜினைப் போட்டார்கள், ஐயாயிரம் விற்றால் போதும் என்று ஆரம்பித்தது நாலரை லட்சத்துக்கு மேல் போனது. அந்த முதல் வண்டிக்கு எவ்வளவு பலம் தெரியுமா? 110 குதிரைத்திறன். கருப்பு போலோ அண்ணனின் வண்டிக்கு இருப்பதைவிட ஐந்துதான் அதிகம். ஆனால் எடை ஒரு டன்னுக்கும் கீழே. இப்போதைய ஜிடிஐ 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது.

இதை எழுதும்போது எனக்கே ஒரு யோசனை வருகிறது. நாம் ஆசைப்படுவது அந்தப் பழைய லேசான வண்டியின் குணத்துக்கு. அதற்குப் பக்கத்தில் வருவது 53 லட்சம் வண்டியா, 1,100 கிலோ போலோவா என்று கேட்டால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

---

அழகர்கோவில்_ரோடு

நான் பட்டுத் தெளிந்தவன், அதனால் எழுதுகிறேன். சில வருஷம் முன்பு இறக்குமதியான சின்ன கார் ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஓட்ட அருமையான வண்டி, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது மாதம் லாரி டயரில் இருந்து தெறித்த கல் முன்கண்ணாடியில் பட்டது. மறுநாள் வெயிலில் விரிசல் ஓரம்வரை ஓடிவிட்டது. கண்ணாடி வர பதினோரு வாரம். அந்தப் பதினோரு வாரமும் தவணை கட்டினேன், வண்டி ஷெட்டில் நின்றது, நான் மகன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அலைந்தேன். இன்சூரன்ஸ் பணம் கொடுத்தது, பணம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை என்ன என்றால் அதற்கப்புறம் எனக்கு அந்த வண்டியை வெளியே எடுக்கவே மனசு வரவில்லை. ரிங் ரோட்டில் மணல் லாரி முன்னால் போனால் அரை கிலோமீட்டர் தள்ளிப் போவேன். கல்யாண வீட்டுக்குப் போனால் எங்கே நிறுத்துவது என்ற கவலையிலேயே சாப்பாடு இறங்காது. மூன்று வருஷத்தில் 9,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். விற்றபோது அழுதுவிட்டேன், உண்மையாகத்தான்.

வாங்கினால் பயப்படாமல் ஓட்ட முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. முடியும் என்றால் போடிமெட்டு சொல்வது சரி. முடியாது என்றால் திருமங்கலம் சொல்வது சரி.

---

திருமங்கலம்_கணக்கு

ஒரு சின்ன யோசனை. வேகமாக ஓட்ட இடம் வேண்டும் என்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் டிராக். நம் ஊரில் இருந்து நாலு மணி நேரம். சொந்த வண்டியை ஓட்ட விடுகிற நாட்கள் அவ்வப்போது நடக்கும், ஹெல்மெட் கட்டாயம். 66 லட்சத்தின் ஐந்து வருஷ வட்டியில் எத்தனை தடவை போய்வரலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன், அவ்வளவு தடவை டயரே தாங்காது.

---

கருப்பு_போலோ

மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் சொன்ன எல்லோருக்கும் என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வில்லாபுரம் அண்ணன் சொன்ன வேலை எல்லாம் முடித்தேன். நாலு ஷாக், புஷ், மவுண்ட், பிரேக் ஆயில், டயர், அலைன்மென்ட், 1 லட்சத்து 32 ஆயிரம் ஆனது. போன ஞாயிறு காலை நாலரை மணிக்குக் கிளம்பி நத்தம் பறக்கும் பாலம் ஏறி அப்படியே சிறுமலை. பதினெட்டு வளைவு. மேலே போய் நிறுத்தியபோது கைகால் லேசாக நடுங்கியது, வாங்கின புதிதில் இருந்த வண்டி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. மூக்கு வெளியே தள்ளத்தான் செய்கிறது, போடிமெட்டு. ஆனால் இப்போது எவ்வளவு தள்ளும் என்று ஸ்டியரிங்கிலேயே தெரிகிறது, அதற்குத் தகுந்த மாதிரி காலை வைக்க முடிகிறது. இறங்கும்போது அவள் ஓட்டினாள். பாதி வழியில் "இதை விற்கப் போறியா?" என்றாள்.

அதற்கடுத்த புதன்கிழமை சென்னை போய் ஜிடிஐ டெஸ்ட் டிரைவும் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அருமை. சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் பதினைந்து நிமிஷமும் பக்கத்தில் வருகிற ஆட்டோவையும் முன்னால் இருக்கிற குழியையும் மட்டும்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அழகர்கோவில் அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் தூக்கம் வராமல் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போதைக்கு வாங்கவில்லை. ஆசை போகவில்லை, அது அப்படியே இருக்கிறது. ஐந்தாறு வருஷம் கழித்து இந்த முதல் தொகுதி வண்டி ஒன்று நல்ல கையில் இருந்து விற்பனைக்கு வந்தால், சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருப்பாள், அப்போது பார்க்கிறேன். @போடிமெட்டு_17, உங்கள் நண்பர் விற்பதாக இருந்தால் முதல் போன் எனக்கு வரட்டும்.

அப்புறம், வருகிற ஞாயிறு போடி போகிறோம். விடிவதற்குள் மலை ஏறிவிட்டு, இறங்கி மலையடிவாரத்து முந்தலில் எட்டு மணிக்கு டீ. பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். விருதுநகர் தங்கச்சி அந்தச் சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும், மேனுவல் ஓட்டி எனக்கு எட்டு வருஷம் ஆகிறது.

---

விருதுநகர்_சிவப்பு

வருகிறேன் அண்ணா. சாவி தருகிறேன், ஆனால் 1,800 சுற்றுக்குக் கீழே விடாதீர்கள்.